அக்கா தப்பாகப் பாடிய இடம்

வெள்ளைத் துணியை அக்காவின் தாடைக்கடியில் கொடுத்து உச்சந்தலையில் மறுபடியும் முடிச்சுப் போட்டான் கிருபாசங்கர். முதலில் போட்ட முடிச்சு நழுவி, வாய் லேசாகத் திறந்துகொண்டிருந்தது.

"இறுக்கிக் கட்டுங்க மாப்ள. வெறைச்சுப்போட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க" என்றார் நஞ்சப்ப மாமா.

"வலிக்குமுங்க மாமா."

மாமா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இழவு வீட்டுக் காரியங்களில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கோபியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திறங்கியவர் அப்போதிருந்து பந்தல்காரனை விரட்டிக்கொண்டிருந்தார். "செரி, கட்டு நிக்கற வரைக்கும் நீங்களே தலைமாட்டுல உக்காந்து புடிச்சுக்கோங்க. வாரவங்களுக்கு வாசல்ல நான் கை குடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அப்படித்தான் அவன் பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் உட்காரும்படி ஆயிற்று.

அக்கா பழனாத்தாள் ஒரு வருஷத்துக்கு மேல் படுக்கையில் கிடந்தாள். பக்கவாதத்தில் ஒரு கையும் காலும் போய், வாய் கோணிக்கொண்டு, பேச்சே நின்றுவிட்டது. விடிகாலையில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். வந்தவர்கள் எல்லோரும் "நல்ல சாவுங்க" என்றார்கள். அவளைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டே இளைத்துப்போன அவன் மனைவி மோகனப்பிரியா, "அண்ணி இனி நிம்மதியாத் தூங்குவாங்க" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். அவனுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவன் வெட்கப்படவில்லை. அவனுக்கு இருந்ததெல்லாம் வேறொரு பயம். இந்த வாய் மூடிவிட்டால் இனி தனக்குப் பாட்டே இல்லை என்ற பயம்.

பகலில் பம்ப் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவன் அவன். சாயங்காலமானால் கல்யாண வரவேற்புகளில் தனி ஆளாக நின்று மவுத் ஆர்கன் வாசிப்பான். தபேலாக்காரரோடு சண்டை, கிதார்காரரோடு சண்டை, கடைசியில் தன்னோடு மட்டும் சண்டை போட்டுக்கொள்ளலாம் என்று தனிக்கச்சேரிக்கு வந்துவிட்டான். சினிமாப் பாட்டு வாசிப்பதில்லை, எல்லாம் சொந்த மெட்டு. கேட்டவர்கள் சொக்கிப்போய் சாப்பாட்டுப் பந்தியை மறந்த கதையெல்லாம் பீளமேட்டில் உண்டு.

அந்த மெட்டுகள் உருவான விதம் மட்டும் யாருக்கும் தெரியாது. புதிதாக ஒன்று பிடிபட்டால், காலையில் சமையல்கட்டுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து நாலைந்து தடவை வாசிப்பான். அக்காவுக்காக வாசிப்பதாக அவன் காட்டிக்கொள்ள மாட்டான். கேட்பதாக அவளும் காட்டிக்கொள்ள மாட்டாள். "காலங்காத்தால ஆரம்பிச்சுட்டான் பீப்பீன்னு" என்று பாத்திரத்தோடு பேசுவாள். சாயங்காலம் கீரை ஆயும்போது அதே மெட்டு அவள் வாயில் வரும். தப்பாக வரும். மூன்றாவது அடியில் குரல் மேலே போக வேண்டிய இடத்தில் அவள் பாதிப்படி சறுக்கிக் கீழே இறங்குவாள். அங்கேயே ஒரு மூச்சு நிற்பாள். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் மேலே போய்விடுவாள்.

கதவுக்குப் பின்னால் நின்று அவன் அந்தத் தப்பைப் பிடித்துக்கொள்வான். மெட்டுக்கு உயிர் வந்ததே அங்கேதான். மவுத் ஆர்கனில் அதைக் கொண்டுவருவது லேசான வேலையில்லை. காற்றை உள்ளே இழுத்து, நாக்கைத் தாழ்த்தி, சுரத்தை வளைக்க வேண்டும். உதடு வெடிக்கும்வரை பழகினான். அவள் பிசகாமல் பாடிவிட்ட மெட்டுகளை மறுநாளே கைகழுவினான்.

"யாருங்க உங்களுக்கு குரு?" என்று ஒரு பத்திரிகைக்காரர் கேட்டபோது, சின்ன வயசில் ரேடியோவில் கேட்ட வெள்ளைக்காரர்கள் என்று சொல்லிவைத்தான். கீரை ஆயும் அக்கா என்றால் யார் எழுதுவார்கள்? ஆனால் அவள் படுத்த நாளிலிருந்து ஒரு மெட்டும் தேறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தான். அவள் கண் மட்டும் அவனைப் பார்க்கும். கோணிய வாயிலிருந்து காற்றுதான் வரும். அதன்பிறகு கச்சேரிகளில் பழையதையே திருப்பித் திருப்பி வாசித்தான்.

பத்து மணிக்கு வாசலில் கார் நின்றது. "அய்யோ எங்கண்ணூ!" என்று கத்திக்கொண்டே கருப்பாத்தா சின்னம்மா உள்ளே வந்தாள். அம்மாவின் தங்கை. அவனைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டதால், அம்மா வழியில் மிச்சமிருந்தது இவள்தான். வருஷத்துக்கொரு தரம் தேங்காய் மூட்டையோடு வந்து, சண்டை போட்டுவிட்டுப் போவாள்.

சாதாரணமாக இழவு வீட்டில் ஆண்கள் பந்தலடியில் நிற்பார்கள். மேளச் சத்தத்தில் உள்ளே பெண்கள் பாடுவது ஒரு எழுத்துக்கூடக் காதில் விழாது. எத்தனையோ சாவுக்குப் போயிருந்தும் அவன் ஒப்பாரியை ஒழுங்காகக் கேட்டதில்லை. இன்றைக்கு மேளம் கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பத்தாவது பரீட்சை நடந்துகொண்டிருந்ததால் மோகனப்பிரியா வேண்டாம் என்றுவிட்டாள். "மேளமில்லாத சாவுங்களா அம்மணி!" என்று மாமா முறுக்கிக்கொண்டது தனிக்கதை.

சின்னம்மா பழனாத்தாளின் கன்னத்தைத் தடவினாள். மற்ற பெண்களின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரியை எடுத்தாள்.

"பவானி ஆத்தோரம் எங்கண்ணே
பாக்குமரம் காச்சிருக்க
பாத்துவெச்ச கண்ணு ரெண்டும்
பஞ்சடஞ்சு போனதென்ன…"

மூன்றாவது அடியில் குரல் சறுக்கிற்று. பாதிப்படி இறங்கி, ஒரு மூச்சு நின்று, மேலே போயிற்று.

கிருபாசங்கரின் கை துணியை விட்டுவிட்டது. காது ஏமாற்றுகிறதோ என்று நினைத்தான். அடுத்த பாட்டுக்குக் காத்திருந்தான். வார்த்தை மாறியது, சறுக்கல் மாறவில்லை. சின்னம்மாவோடு சேர்ந்து அழுத இன்னொரு கோபிக்காரியும் அதே இடத்தில் சறுக்கினாள். அக்கா எதையும் தப்பாகப் பாடவில்லை. அவள் கேட்டு வளர்ந்த பெண்களெல்லாம் அந்த இடத்தில் அப்படித்தான் இறங்கினார்கள். முகம் தெரியாத அம்மாவும் அப்படித்தான் இறங்கியிருப்பாள்.

அதற்கடுத்ததாகத்தான் அவனுக்கு இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷமாக அவன் கல்யாண வீடுகளில் வாசித்துக்கொண்டிருந்தது ஒப்பாரி. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்க, சொந்தபந்தமெல்லாம் ஐஸ்கிரீம் சாப்பிட, சுதி சுத்தமாக ஒப்பாரி வாசித்துவிட்டு சால்வையும் வாங்கி வந்திருக்கிறான். மில் முதலாளி வீட்டில் ஒருமுறை "இன்னொருக்கா வாசிங்க தம்பி" என்றுகூடக் கேட்டார்கள்.

சிரிப்பு குபீரென்று கிளம்பியது. உதட்டைக் கடித்து அடக்கினான். தோள் குலுங்கியது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. காலையிலிருந்து சொட்டுக் கண்ணீர் விடாதவன், அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக் குழந்தை மாதிரி அழுதான். எட்டிப் பார்த்த நஞ்சப்ப மாமா, "உடுங்க, அழுகட்டும். இப்பத்தான் தொறந்திருக்குது" என்றார். அழ அழ நெஞ்சு லேசாகிக்கொண்டே வந்தது. அக்கா போய்விட்டாள். ஆனால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடவில்லை.

மத்தியானம் அக்காவைக் காடு சேர்த்து, குளித்து, ஈர வேட்டியோடு அவன் திரும்பி வந்தபோது கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இழவு வீட்டில் போய்வருகிறேன் என்று யாரும் சொல்வதில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுவார்கள். கருப்பாத்தா சின்னம்மாவும் பையை இடுக்கிக்கொண்டு காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏனுங் சின்னம்மா!" அவன் ஓடினான். "மறுக்கா எப்பங்க வருவீங்க?"

மோகனப்பிரியா பின்னாலிருந்து அவன் முழங்கையைக் கிள்ளினாள். "இழவு ஊட்டு வாசல்ல நின்னுட்டு இப்படியா கேப்பாங்க?" என்று மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

"இல்லீங்க… அந்தப் பாட்டு. மூணாவது அடியில ஒண்ணு எறக்குனீங்களே, அத இன்னொருக்கா கேக்கோணும்" என்றான்.

"எதடா எறக்குனேன்? எங்களுக்கெல்லாம் அங்க வந்தா தன்னால அப்படித்தான் உழுகும்." சின்னம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள். அழுது அழுது அவள் தொண்டை கட்டியிருந்தது. "கேக்கறதுக்கு நான் எதுக்கு சாமி இங்க வரோணும்? எங்கூர்ல சாகறதுக்கா ஆளில்ல? நீ வா."

கார்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முறைப்படி திரும்பிப் பார்க்கவில்லை.

"செவுத்துப் பக்கம் திரும்பிக்கோங்க" என்று மோகனப்பிரியா பல்லைக் கடித்தபடி சொன்னாள். "சிரிக்கறத ஊரே பாக்குது."

அவன் காம்பவுண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.