லிஸ்பனுக்கு இருபத்துமூன்று பேர்

தன் முப்பதாவது கல்யாண நாளை ஃபிலோமினா அக்காவோடு ஒரே அறையில் கழிக்கப்போகிறோம் என்பது, கிள்ளான் பாசாரில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோதுதான் மகதலேனாவுக்குத் தெரியவந்தது. கைப்பேசி அதிர்ந்தது. பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஜெயராஜ் அனுப்பியிருந்தார். 'லிஸ்பன் – பாத்திமா திருப்பயணம், அறைப் பட்டியல்.' மேலே மாதா படம், கீழே இருபத்துமூன்று பேர். ஆறாவது பெயர் கணவர் கொர்னேலியஸ், அறை 304, உடன் அந்தோணி. ஏழாவது பெயர் மகதலேனா, அறை 311, உடன் ஃபிலோமினா. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், பாதிரியாருக்குத் தனி அறை. மீன்காரர் தலை வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டார். அவள் வேண்டாம் என்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான், தலை இல்லாமல் கொர்னேலியஸ் மீன் குழம்பைத் தொடமாட்டார் என்பது நினைவுக்கு வந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

இருபத்தேழு வருடம் அவள் அரசாங்க மருத்துவமனையில் தாதி. அவர் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. இவள் காலை வேலை என்றால் அவருக்கு இரவு. அவருக்குக் காலை என்றால் இவளுக்கு இரவு. இரண்டு அலுவலகங்களும் கூடிப் பேசி முடிவெடுத்தது போல அட்டவணை பிசகியதே இல்லை. குளிர்பெட்டிக் கதவில் சீட்டு ஒட்டிக் குடும்பம் நடத்தினார்கள். 'பருப்பு கீழ்த்தட்டில்.' 'டீனாவுக்குக் காய்ச்சல், மருந்து கொடுத்தாச்சு.' 'கேஸ் முடிஞ்சது.' இப்படியிருக்க டீனா எப்படிப் பிறந்தாள் என்று யாரோ ஒரு விருந்தில் கேட்டதற்கு, "பப்ளிக் ஹாலிடே" என்று கொர்னேலியஸ் முகம் மாறாமல் சொன்னார். மூன்று வருடத்துக்கு முன் இருவரும் ஓய்வு பெற்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அன்பியத்துக்குச் செயலாளர் ஆனார். அக்கம்பக்கத்துத் தெருக்களிலிருந்த கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்குழு அது. அதன் பிறகு வீட்டில் எப்போதும் யாராவது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாண நாள் பயணத்துக்கு லிஸ்பனைத் தேர்ந்தெடுத்தது மகதலேனா. ரோம் என்றால் திருப்பயணம் ஆகிவிடும். லண்டனில் அவருடைய தங்கை இருக்கிறாள். பாரிஸுக்குப் போனால் பக்கத்தில்தானே லூர்து என்பார்கள். லிஸ்பனில் தெரிந்தவர் யாருமில்லை. மேட்டுத் தெருக்களில் டிராம் ஓடுகிறது, அவருக்குப் பிடிக்கும். பூச்சோங்கிலிருந்து டீனா வந்து மடிக்கணினியில் ஓர் அறையைக் காட்டினாள். சின்ன அறை, ஒரு கட்டில், ஜன்னலுக்குக் கீழே தண்டவாளம். ஏழு இரவு. மகதலேனா அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கட்டிலைச் சுற்றி இருந்த இடத்தைப் பார்த்தாள். மூன்றாவது ஆள் வந்தால் உட்கார நாற்காலிகூட இல்லை. அதையே பதிவு செய்யச் சொன்னாள். ஐம்பத்தாறு வயதுவரை தினமும் ஜெபமாலை சொன்னவளுக்கு, மாதா காட்சி தந்த பாத்திமா எந்த நாட்டில் இருக்கிறது என்பது மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அன்பியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜெபமாலை முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூட்டுவலி, பேரனின் தேர்வு, விற்காத வீடு. தன் முறை வந்தபோது கொர்னேலியஸ், "நானும் என் மனைவியும் லிஸ்பனுக்கு நல்லபடியாப் போய்த் திரும்பி வரணும்னு ஆண்டவரை மன்றாடுவோம்" என்றார். எல்லோரும் 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்றார்கள். ஆண்டவர் கேட்பதற்கு முன் ஃபிலோமினா அக்கா கேட்டுவிட்டார். "லிஸ்பனா? பாத்திமாவுக்குப் பக்கத்துலதானே?" கறிபாப் பலகாரத் தட்டு ஒரு சுற்று முடிந்தபோது ஒன்பது பேர் ஆகியிருந்தார்கள்.

மீனை அலசிக்கொண்டே மகதலேனா கேட்டாள்.

"ரூம் லிஸ்ட் பாத்தீங்களா?"

"பாத்தேன். ஜெயராஜ் அழகாப் போட்டிருக்கான் லா. அலர்ஜி என்னன்னுகூட எழுதியிருக்கான்."

"நான் யாரோடன்னு பாத்தீங்களா?"

"ஃபிலோமினா அக்கா பாவம்மா. சுகர், பிரஷர். ராத்திரி ஏதாச்சும்னா? நீ நர்ஸாச்சேன்னு அவங்களே கேட்டாங்க."

"உங்களுக்கு அந்தோணியா?"

"குறட்டை விடுவானாம்." அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார்.

"நீங்களும்தான் விடுறீங்க. ரிட்டையரானப்புறந்தான் எனக்கே தெரிஞ்சது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். "எப்படிம்மா வேணாம்னு சொல்றது? மன்றாட்டு வச்சாச்சு."

டீனா தொலைபேசியில் கத்தினாள். "அம்மா, ரெண்டு பேருக்குத்தான் லா பிளான் போட்டேன்! நான் ஜெயராஜ் அங்கிள்கிட்ட பேசவா?" மகதலேனா வேண்டாம் என்றாள். இருபத்தோரு பேரின் பக்திக்குக் குறுக்கே நிற்க அவளுக்கு வலுவில்லை. செத்துப்போன கணவரின் புகைப்படத்தை மாதா காலடியில் வைக்க எடுத்துப்போகிறார் ஃபிலோமினா அக்கா. அப்படிப்பட்டவரிடம் போய், என் புருஷனோடு ஒரு வாரம் தனியாக இருக்கவேண்டும் என்று எந்த வாயால் சொல்வது?

புதன்கிழமை சாயங்காலம் ஜெயராஜ் வீட்டில் எல்லோரும் பாஸ்போர்ட் கொடுக்கவேண்டும். மழை அடித்துப் பெய்தது. கொர்னேலியஸ் வாசலுக்கு எதிரே காரை நிறுத்தினார். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் குடையைத் தேடினார்.

"நான் வரலங்க."

"நனைய மாட்டே, இரு. நான் அந்தப் பக்கம் வரேன்."

"லிஸ்பனுக்கு வரல."

அவர் கதவுப் பிடியில் கையை வைத்தபடியே இருந்தார். "கோவமா?"

"கோவம் இல்ல. களைப்பா இருக்கு. அத்தனை வருஷம் வார்ட்ல நின்னாச்சு. இன்னொரு வார்டுக்கு பிளேன் ஏறிப் போகணுமா?" குரல் உயரவில்லை. டியூட்டி மாறும்போது அடுத்த தாதியிடம் நோயாளியைப் பற்றிச் சொல்கிற குரல்தான். "நீங்க போய்ட்டு வாங்க. ஃபோட்டோ எடுத்துட்டு வாங்க."

முப்பது வருடத்தில் அவள் ஒன்றை வேண்டாம் என்று சொன்னபோது அவர் பக்கத்தில் இருந்தது அநேகமாக இதுதான் முதல் தடவை. இதற்கு முன்பும் சொல்லியிருப்பாள், தனக்குள்ளேயே, சீட்டில்கூட எழுதாமல்.

கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். வண்ணக்குடைக்குக் கீழே ஜெயராஜ். கொர்னேலியஸ் கண்ணாடியை இரண்டு விரல் இறக்கினார்.

"அண்ணே, உள்ளுக்கு வாங்க லா! ஜெபமாலை ஆரம்பிக்கப் போறோம். பாஸ்போர்ட்டையாச்சும் குடுங்க, காப்பி எடுக்கணும்."

இரண்டு பாஸ்போர்ட்டும் ரப்பர் வளையத்தில் ஒன்றாகக் கட்டி அவர் மடியில் கிடந்தன. கொர்னேலியஸ் அவற்றைப் பார்த்தார். ரப்பரைக் கழற்றுவதுபோல ஒரு விரலைக் கொடுத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டார்.

"நீங்க ஆரம்பிங்க ஜெயராஜ்."

"வரீங்கதானே?"

"ஆரம்பிங்க."

கண்ணாடி ஏறியது. குடை தயங்கிவிட்டு உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் கேட்டது. ஃபிலோமினா அக்காவின் குரல் எல்லோருக்கும் அரைச் சொல் முன்னால் ஓடியது. ஜெபமாலையின் முதல் பத்து மணிகள் முடிந்தன. இரண்டாவது பத்து தொடங்கியது. மகதலேனா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். அவர் இறங்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். அவர் வைப்பரை நிறுத்திய சத்தம்தான் கேட்டது.

கண் திறந்தாள். முன்கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, ஜெயராஜ் வீட்டு வாசல் விளக்கு மஞ்சளாகக் கரைந்து பரவியது. பிறகு தண்ணீருக்குப் பின்னால் கேட் மறைந்தது, வரிசையாகக் கிடந்த செருப்புகள் மறைந்தன, வீடும் மறைந்தது.