ஒரு ரூபாய்ப் பங்கும் ரசலையன் அடித்த நோட்டீசும்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. புதுக்கடையில் ஒரு சிறிய அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்த ரசலையனுடையது. எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதும் வேய். ஆனா என்னைய பெரிய யோக்கியனா ஆக்கிராதியும்" என்றார். சரி என்றேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கீரிப்பாறை மலைமேல் மஞ்சு இறங்கிக்கொண்டிருந்த ஒரு'

வேண்டாம். மலையில் எதுவும் நடக்கவில்லை என்பதுதான் கதையே.

2

1955. நீலமுடி ரப்பர் கம்பெனி. (பெயர் நான் வைத்தது.) ஒரு பங்கு ஒரு ரூபாய். நிர்வாக இயக்குநர் தாணுமாலயன் சந்தை நாட்களில் ஜீப்பின் மேல் ஏறி நின்று பேசுவார். "நம்ம தாலுகா எல்லாம் தமிழ்நாட்டோட சேரப்போவுது. சேந்த அன்னைக்கு இந்த ஒரு ரூவா பங்கு அஞ்சு ரூவா ஆக்கும்!"

எல்லைப் போராட்டத்தின் சூடு ஆறாத வருடம். கூட்டம் கைதட்டியது. ரசலையனின் மனைவி நேசபாய், வளர்த்த கிடாரியை விற்றுத் தொண்ணூறு பங்கு வாங்கினாள்.

3

கம்பெனியின் இரண்டாவது விளம்பரப் புத்தகம் அச்சுக்கு வந்தது. 'கீரிப்பாறையில் நமது தொழிற்சாலை' என்று ஒரு படம் போட வேண்டும். அச்சக முதலாளி பொன்னுலிங்கம் அதற்கான அச்சுப் பிளாக்கை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ரசலையனுக்கு அதைத் தெரியும். இரண்டு வருடம் முன்பு ஒரு சோப்புக் கம்பெனியின் காலண்டருக்கு அவரே அடித்த படம்.

"இது சோப்புக் கம்பெனிக்க படமாக்குமே?"

"படம் படந்தானே. கையில உள்ள வேலைய பாரும்."

அடுத்த சனிக்கிழமை ரசலையன் பஸ் ஏறிக் கீரிப்பாறைக்குப் போனார். ரப்பர் தோட்டங்களைத் தாண்டி விசாரித்தபோது, பால் வெட்டுகிற ஒருவர் பாறைச் சரிவில் நின்ற ஒரு பெயர்ப்பலகையைக் காட்டினார். "நீரு சொல்லுக கம்பெனிக்க பலவை அந்தா நிக்குவு. போன மாசம் வந்து நாட்டினாவ. பின்ன ஒருத்தரையும் காணல்ல."

4

(இந்த இடத்தில் என் கதாநாயகன் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது.)

ஊர் திரும்பிய ரசலையன் செய்த முதல் காரியம் ஊரை எச்சரித்தது அல்ல. பக்கத்து வீட்டு யேசுதாசனிடம் அந்தத் தொண்ணூறு பங்கையும் தள்ளிவிடப் பேச்சுக் கொடுத்தார். இதை வெட்டிவிட நினைத்தேன். "அதை எழுதலேன்னா ஒண்ணும் எழுதாண்டாம்" என்றார்.

தடுத்தது நேசபாய். "அவனுக்கும் பிள்ளையளு உண்டு. விக்கப்பிடாது. போய்க் கேக்கணும்."

"எங்க கேக்க?"

"கம்பெனி கூட்டம் வைக்காவல்லா. அங்க."

5

கூட்டத்துக்கு முந்தின நாள் அச்சகத்தில் ரசலையன் தானே எழுதி, தானே கோர்த்து, மூன்று வரி நோட்டீஸ் அடித்தார்: 'புத்தகத்தில் உள்ள படம் ஒரு சோப்புக் கம்பெனியுடையது. மலையில் இருப்பது ஒரு பலகை. தொழிற்சாலை எங்கே?' கீழே தன் பெயரையும் போட்டார். ஈரம் காயும் முன்பே பொன்னுலிங்கம் பார்த்துவிட்டார். வேலை போயிற்று. நோட்டீஸ் கட்டோடு ரசலையன் வெளியே வந்தார்.

பங்குதாரர் கூட்டத்தில் அதை வாசித்ததும் தாணுமாலயன் சிரித்தார். "இது தமிழனுக்க கம்பெனி. தமிழ்நாடு வரப்பிடாதுன்னு நினைக்கவன்தான் இப்பிடி நோட்டீஸ் அடிப்பான்!"

கைதட்டல். பெண்கள் வரிசையில் நேசபாய் எழுந்தாள்.

"எனக்க தம்பி போன வருசம் அதுக்காவ அடிவாங்கி ஜெயில்ல கெடந்தான். நீரு அப்ப எங்க கெடந்தீரு? தமிழ்நாடு வரட்டு. தொழிற்சாலை எங்கன்னு சொல்லும்."

தாணுமாலயன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "எனக்க மேல நம்பிக்கை உள்ளவரு கைய தூக்குங்க" என்றார்.

6

இந்தக் கதையைப் போடப்போகும் பத்திரிகையின் ஆசிரியர் முடிவாகக் கைவிலங்கு கேட்கிறார். 'போலீஸ் ஜீப் வந்து நின்றபோது தாணுமாலயன்' வரை எழுதினேன். அடித்துவிட்டேன். வராத ஜீப்பை நான் ஓட்டிக்கொண்டு வர மாட்டேன். அவர் மோசக்காரரா, தன் பேச்சைத் தானே நம்பியவரா என்பதும் எனக்குத் தெரியாது. தெரிந்தது இவ்வளவுதான்: கிடாரி போனது போனதுதான். ரசலையனுக்கு அந்தப் பக்கத்தில் எந்த அச்சகமும் வேலை தரவில்லை; இப்போது சுசீந்திரத்தில் பஸ் டிக்கெட் கிழிக்கிறார். யேசுதாசன் பங்கு வாங்கவில்லை. தொழிற்சாலை இன்றுவரை இல்லை.

இன்னொன்றும் தெரியும். அந்த மண்டபத்தில் நானும் இருந்தேன். என்னிடம் இருபது பங்கு இருந்தது. நான் கையைத் தூக்கினேன்.

ஆகையால் முடிவு சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. கூட்டத்தை அந்த நிமிடத்திலேயே நிறுத்திவைக்கிறேன். கைகள் உயர்ந்திருக்கின்றன. நேசபாய் உட்காரவில்லை. ஒவ்வொரு வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வருகிறாள். உங்கள் வரிசைக்கு வந்துவிட்டாள்.