மேனேஜருக்குப் போட்ட டிக்குகள்

மேனேஜர் என்பது முயலின் பெயர். முன்னால் எதை வைத்தாலும் மோந்து பார்த்து, பாதியைக் கடித்துப் போட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடும் என்பதால் லிஃப்ட் மெக்கானிக்கின் அத்தான் வைத்த பெயர். சனிக்கிழமை காலை அது எதையும் மோந்துகூடப் பார்க்கவில்லை. கூண்டின் மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. தரையில் ஒரு புழுக்கை இல்லை.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு வயிற்றைக் கலக்கியது. முயலுக்கு அந்த வசதியும் இல்லை.

வியாழக்கிழமை காலை அக்காவும் அத்தானும் ஏழு வயது மகளைக் கூட்டிக்கொண்டு வெளியூர்க் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தார்கள். ஞாயிறு இரவுதான் வருவார்கள். வீட்டையும் முயலையும் அக்காவின் தம்பியான இந்த மெக்கானிக்கை நம்பி விட்டிருந்தார்கள். போனில் விஷயத்தைச் சொன்னதும் அக்கா கத்தினாள்.

"குடல் நின்னுபோச்சுன்னா முயல் ஒரு நாள்கூடத் தாங்காதுடா! டாக்டர்கிட்ட ஓடு. பாப்பா எழுதின சார்ட்டையும் எடுத்துட்டுப் போ, அவங்க கேப்பாங்க."

அந்த சார்ட் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது. எட்டு மணிக்கு அட்டைப்பெட்டிச் சுரங்கம். பதினொன்றுக்குக் காகிதக் குழாய்க்குள் புல் அடைத்து உருட்டி விளையாட்டு. நாலு மணிக்குக் கிழிப்பதற்குப் பழைய நோட்டு. ஆறு மணிக்கு ஹாலில் ஓட்டம். அடைப்புக்குறிக்குள், 'மாமாவும் ஓடணும்'. நாளுக்கு ஒரு வரி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் டிக் அடிக்க ஒரு கட்டம்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே நாலு நாளுக்கும் சேர்த்து டிக் அடித்துவிட்டான். பழகின கை. மெஷின் ரூமுக்கு ஏறாமலே மாதப் பராமரிப்புப் புத்தகத்தை நிரப்புவதில் கம்பெனியில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரே பேனாவென்றால் சந்தேகம் வரும் என்று நீலமும் கறுப்புமாக மாற்றி மாற்றி அடித்தான். குறிப்புப் பகுதியில் 'நன்று', 'மிக நன்று', நம்பும்படி இருக்க ஒரே ஒரு 'சுமார்'. அப்புறம் சோபாவில் சாய்ந்து மொபைலில் ஒரு தொடரின் இரண்டு சீசனை முடித்தான். இரண்டு நாளும் மேனேஜர் கூண்டை விட்டு இறங்கவில்லை.

கிளினிக்கில் டாக்டரம்மா முயலின் வயிற்றை விரலால் மெல்ல அமுக்கிப் பார்த்தார். போன் ஸ்பீக்கரில் மேஜைமேல் இருந்தது. பாப்பா கட் பண்ண விடவில்லை. அவன் சார்ட்டை நீட்டினான். சனி, ஞாயிறு வரிகளைக் கட்டை விரலால் மறைத்தபடியே நீட்டினான்.

"பரவாயில்லையே, இவ்வளவு நல்லா விளையாட்டு காட்டி வச்ச முயலை நான் பாத்ததே இல்ல" என்றார் டாக்டரம்மா. பிறகு முகம் மாறியது. "ஆனா அதான் பயமா இருக்கு. சும்மா அடைஞ்சு கிடந்து குடல் மந்தமாச்சுன்னா ஒரு ஊசி, நல்லா ஓட விட்டா போதும். இவ்வளவு ஓடியும் நின்னிருக்குன்னா உள்ள ஏதோ அடைச்சிருக்கு. அப்ப அந்த ஊசியே ஆபத்து. எக்ஸ்ரே மெஷின் ரிப்பேர், திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்க முடியாது. வயித்தைத் திறந்துதான் பாக்கணும்."

"பொழச்சுக்குமா?" அக்காவின் குரல்.

"பாதிக்குப் பாதிதாங்க."

போனுக்குள் பாப்பா விசும்பத் தொடங்கினாள். டாக்டரம்மா உள்ளே திரும்பி, ஆபரேஷன் தியேட்டரைத் தயார் பண்ணச் சொன்னார். எங்கோ தண்ணீர்க் குழாய் திறந்தது. கத்தி கித்தியெல்லாம் தட்டில் விழும் சத்தம்.

அவன் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை வருஷத்தில் அவன் அடித்த டிக்கை எவனும் நம்பியதில்லை. கையெழுத்துப் போடுவார்கள், அவ்வளவுதான். முதல்முறையாக ஒருத்தர் நம்புகிறார், கையில் உறை மாட்டிக்கொண்டு. காதோடு சொல்லலாமென்றால் போன் கேட்கும். சொல்லாமல் விட்டால் ஒன்றுமில்லாத வயிற்றைக் கிழிப்பார்கள். மேனேஜர் அவன் சட்டைக் கையில் மூக்கை வைத்தது. மோந்து பார்க்கவில்லை, வைத்தது மட்டும்தான்.

கட்டை விரலை எடுத்தான்.

டாக்டரம்மா குனிந்து வாசித்தார். "ஞாயிறு, ஆறு மணி, ஓட்டம், மிக நன்று." நிமிர்ந்தார். "இன்னிக்கு சனிக்கிழமைங்க."

"ஆமாங்க. எல்லாமே அப்படித்தாங்க. ஒரு தடவைகூட வெளிய விடல. கூண்டுலயேதான் கிடந்துச்சு."

போனில் அத்தான், ரொம்ப நிதானமாக: "மாப்ள, எங்க பில்டிங் லிஃப்ட்டையும் நீதான பாக்குற?"

"அதைத் தனியாப் பேசுவோம் அத்தான்."

"படியில ஏறிக்கிட்டேதான் பேசணும்போல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. தியேட்டர் வேண்டாமென்று குரல் கொடுத்துவிட்டு ஊசியை எடுத்துப் போட்டார். "வீட்டுக்குப் போய் விளையாட்டு காட்டுங்க. ஒரு இடத்துல உட்கார விடாதீங்க. ரெண்டு மணிக்குள்ள புழுக்கை வரலேன்னா திரும்ப இங்கதான், வேற வழியில்ல."

மணி பதினொன்று.

மொபைலை ஷெல்ஃபில் சாய்த்து வைக்கச் சொல்லி பாப்பா வீடியோவில் உத்தரவு போட்டாள். "மாமா, சுரங்கத்துக்குள்ள நீ முதல்ல போ. அப்பதான் அது வரும்."

"நான் எப்படிடி செல்லம் நுழையறது?"

"செல்லம்னு சொல்லாத. போ."

போனான். தோள் பெட்டியில் மாட்டியது. மேனேஜர் வரவில்லை. குழாயை உருட்டினான், அது எதிர்த் திசையில் பார்த்தது. நோட்டைக் கிழித்துக் காட்டினான், தானே நாலு பக்கம் கிழித்தான். பன்னிரண்டரை. ஹாலில் தவழ்ந்து ஓடினான், முட்டி தேய. ஒரு மணி. முயல் இரண்டு தாவல் தாவி நின்றது. ஒன்றரைக்குக் கிளினிக் நம்பரை எடுத்து வைத்தான். "மேனேஜர் சார்," என்று கெஞ்சினான், வாழ்க்கையில் எந்த மேனேஜரிடமும் கெஞ்சாத குரலில், "ஒண்ணே ஒண்ணு, சார்."

மேனேஜர் அவனைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தது. இன்னொன்று. பெட்டிக்குள் பாய்ந்து மறுபக்கம் வந்து, அவன் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று காதை ஆட்டியது. நகர்ந்தபோது தரையில் கறுப்பாய், உருண்டையாய், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசாய் ஒன்று கிடந்தது.

"வந்துடுச்சு! பாப்பா, வந்துடுச்சு!"

"காட்டு."

உள்ளங்கையில் ஏந்தி, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பாப்பா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இது பழசா இருந்தா?"

"ஐயோ, இல்லடா. சூடா இருக்கு!"

பாப்பா பின்னால் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அம்மா, பக்கத்து வீட்டு ஆன்ட்டியை வந்து தொட்டுப் பாக்கச் சொல்லு."