இரண்டு திரைக்கு மேல் தாங்காது

அக்காவின் சாப்பாட்டு மேசையில் இரண்டு மானிட்டர்களையும் தூக்கி வைத்ததும் தம்பிக்குப் பெருமையாக இருந்தது. விமானம் ஓட்டுகிற அறை போலவே இருந்தது, விமானம்தான் கிளம்பவில்லை. இடது மானிட்டர் எரிந்தால் வலது இருண்டது. வலதை எழுப்பினால் இடது படுத்துக்கொண்டது. வயரை மாற்றினான், கழற்றி ஊதினான், திட்டியும் பார்த்தான்.

மதியம் அக்காவுக்கு வேலைத் தேர்வு. வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புப் பார்க்க வேண்டும்: மூலம் ஒரு பெரிய திரையில், அச்சுப் பக்கம் இன்னொன்றில். அத்தான் போன பிறகு அவளாகத் தேடிப் போன முதல் வேலை. வீட்டில் இருப்பதோ அத்தானின் பழைய லேப்டாப் ஒன்றுதான். தம்பியுடையது தேநீர் குடித்த நாளிலிருந்து யாரோடும் பேசுவதில்லை.

"என்னடா முழிக்கிற?"

"இது பழசுக்கா. ஒரே நேரத்துல ரெண்டு திரைக்கு மேல தாங்காது. தன்னோட சொந்தத் திரையையும் ஒண்ணா எண்ணிக்குது."

"அப்போ?"

"அதை அணைச்சாத்தான் ரெண்டு மானிட்டரும் எரியும்."

மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான். அந்தத் திரையில் அத்தானின் சீட்டாட்டம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "வந்து முடிக்கிறேன், யாரும் கை வைக்காதீங்க" என்று பாதியில் விட்டுப் போன ஆட்டம். தோற்கிற ஆட்டம் வேறு. அதன்பின் அக்கா லேப்டாப்பை மூடவில்லை, அணைக்கவில்லை. தூசி தட்டும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்டேட் செய்யச் சொல்லி அது கெஞ்சும்போதெல்லாம் 'பிறகு' என்று அழுத்திவிடுவாள்.

"ஆட்டம் எங்கயும் போகாதுக்கா. தூங்கற மாதிரிதான்."

"ஆஸ்பத்திரியிலயும் இதையேதான் சொன்னாங்க."

தம்பி கையிலிருந்த வயரை மேசையில் வைத்தான்.

"வேற நாள் கேட்டுப் பாக்கவா?" என்றான்.

"கேட்டா?"

"வேற ஆளப் பாத்துக்குவாங்க."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எதை அழுத்தணும், காட்டு."

காட்டினான். அவளே அழுத்தினாள். சின்னத் திரை இருண்டது. இரண்டு மானிட்டர்களும் ஒன்றாக எரிந்தன. இருந்த இடம் பறிபோன சீட்டாட்டம் இடது மானிட்டருக்குத் தாவி, அதை முழுக்க அடைத்துக்கொண்டது.

அவ்வளவு பெரிதாக அதை இருவரும் பார்த்ததில்லை. அக்கா முகத்தைத் திருப்பவில்லை. ஒவ்வொரு வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நின்றாள்.

"டேய், செவப்பு ஒன்பது இங்க இருக்கு. கறுப்புப் பத்து அங்க சும்மா கெடக்கு. இந்த மனுஷன் பாக்கவே இல்ல பாரு."

"கண்ணாடி போடாமத்தானே ஆடுவாரு."

"போட்டாலும் இதே லட்சணந்தான்."

மவுஸைப் பிடித்து, ஒன்பதை மெல்ல இழுத்துப் பத்தின் மேல் வைத்தாள். அடியில் கவிழ்ந்திருந்த சீட்டு திரும்பியது. அது என்னவென்று தம்பி பார்ப்பதற்குள் ஆட்டத்தைச் சுருக்கிக் கீழே இறக்கிவிட்டுத் தேர்வுப் பக்கத்தைத் திறந்தாள்.

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னாரேக்கா."

"என்னைச் சொல்லலடா," என்றாள். கண்களைத் துடைத்துக்கொண்டு, முதல் வரியைப் படிக்கத் தொடங்கினாள்.