கூட்டிக்கொண்டு வரப் போனவன்

என் மகள் பூமாரியைக் கூட்டிக்கொண்டு வரத்தான் எலப்புள்ளிக்குப் போனேன். பள்ளிக்கூடத்தில் கண்காட்சி, பெற்றோர் வரவேண்டும் என்று கார்டு போட்டிருந்தார்கள். கண்காட்சி எனக்கு ஒரு சாக்கு.

எழுபத்துநாலாம் வருஷம் ஜூன் மாதம் புதிதாகத் தொடங்கிய பள்ளிக்கூடம் அது. காலையில் கணக்கும் சயன்சும், மத்தியானம் பட்டறை, சாயங்காலம் படமும் பாட்டும். எல்லாவற்றையும் ஒரே பிள்ளை, அங்கேயே விடுதியில் தங்கிப் படிக்கவேண்டுமாம். அதற்காக ஊர் ஊராகப் பிள்ளைகளைப் பொறுக்கினார்கள். ஏலப்பாறை எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இவள் மாட்டிக்கொண்டாள். அன்றைக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வீடு வீடாக மிட்டாய் கொடுத்த மடையன் நான்தான். ஓணம் லீவுக்கு வருவாள் என்று இருந்தோம். மழையில் மலை ரோடு இடிந்து பஸ் நின்றுபோனது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. தேயிலை ஆலையில் அத்தனை மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அவள் கூப்பிடுவதுபோல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன்.

பஸ் ஏற்றிவிட வந்த என் மனைவி மாரித்தாய் ஒன்றுதான் சொன்னாள்.

"பிள்ளையில்லாம திரும்பி வந்திராதீக."

"எனக்கு மட்டும் ஆசையில்லையாக்கும்? கூட்டியாறேன், போ."

குமுளி இறங்கி, பொள்ளாச்சி போய், கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி மறுநாள் போய்ச் சேர்ந்தேன். பூமாரி ஓடிவந்து கையைப் பிடித்தாள். வளர்ந்திருந்தாள், இளைத்திருந்தாள். விடுதிச் சமையல்காரனை மனதுக்குள் திட்டினேன்.

அவள் மேஜையில் எங்கள் மலை இருந்தது. களிமண்ணில் லயம், பச்சை அடித்த தேயிலைச் சரிவு, பின்னால் அவளே வரைந்த மூடுபனி. ஸ்விட்சைப் போட்டால் வேலைக்குக் கூப்பிடும் எஸ்டேட் சங்கு ஊதும். ஊதியதும் வீடு வீடாகக் குட்டி பல்பு எரியும். அசல் லயத்தில் எங்களுக்கு மண்ணெண்ணெய் விளக்குதான். மேஜை லயத்தில் ஒரு வீட்டில் மட்டும் சங்குக்கு முன்பே வெளிச்சம்.

பார்க்க வந்த அதிகாரி குனிந்தார். "இது முன்னாடியே எரியுதே. கனெக்ஷன் தப்பு."

"தப்பில்ல சார். அது எங்க வீடு. சங்கு ஊதுறதுக்கு முன்னாடியே எங்கம்மா எந்திரிச்சிரும்" என்றாள் பூமாரி.

அவர் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய வாத்தியார் சுந்தரராமன், கல்பாத்திக்காரர், பக்கத்தில் வந்து நின்றார். "யாரையும் கேக்காம தானே பண்ணினா. கையும் கணக்கும் இப்படி ஒண்ணாச் சேர்றது அபூர்வம். நடுவுல நிறுத்திடாதேள்."

அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பஸ்ஸிலேயே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். அது நாக்கிலேயே நின்றுவிட்டது.

வெளியே பனைமரத்தடிக்கு வந்ததும் பூமாரி அழ ஆரம்பித்தாள். "அப்பா, என்னைய ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருங்க. எந்நேரமும் அம்மா நெனப்பாவே இருக்கு."

இதைக் கேட்கத்தானே மலையிறங்கி வந்தேன். பெட்டியை எடு என்றால் முடிந்தது. என் வாய் சும்மா இருக்காமல், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டுவிட்டது. நான் வேலை பார்க்கும் ஆலையைச் செய்யப்போகிறாளாம். மெஷினெல்லாம் நிஜமாகவே சுற்றவேண்டுமாம், அந்தச் சத்தம் பாட்டுப்போல வரவேண்டுமாம். மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாள். சொல்லச் சொல்ல அழுகை நின்றுபோனது. அதை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அதை முடிச்சிரு தாயி. பரீட்சை லீவுக்கு அப்பாவே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"அம்மா என்னைய வரச் சொல்லலையா?"

"படிக்கச் சொன்னா" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் ஏலப்பாறையில் நான் இறங்கியபோது மாரித்தாய் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பஸ் படியையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் விசிலடித்து பஸ் கிளம்பிய பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"எங்க பிள்ள?"

உள்ளதைச் சொன்னால் அடுத்த பஸ்ஸிலேயே போய்க் கூட்டிவந்துவிடுவாள். எனக்கு அவளைத் தெரியும்.

"கூப்பிட்டேன். வரலன்னுட்டா. அங்கன அவளுக்கு நல்லாருக்கு."

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"நல்லாருக்கட்டும். என்னைய மறந்தாத்தான பிள்ளைக்கு அங்கன ஒட்டும்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.