செத்துப்போன டிஸ்க்

ஒடால்மிஸ் யாரையாவது நடித்துக் காட்டினால் சிரிக்காமல் இருக்க முடியாது. சியென்ஃபுவேகோஸில் எங்கள் தெருவில் அவளிடம் மாட்டாதவர்கள் இல்லை. ரேஷன் ரொட்டி வரிசையில் நான் போடும் சண்டையைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. மயாமியில் தனியாகக் கிடக்கும் தங்கை மிரெல்தாவைச் சிரிக்க வைக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம். ஒடால்மிஸின் கணவன் எலியேசர் கைப்பேசியில் படம் பிடிப்பான். எங்கள் ஊர் இன்டர்நெட்டை நம்பி எதையும் அனுப்ப முடியாது. அதனால் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் சேரும். மயாமி போகிறவர் யாராவது கிடைத்தால் டிஸ்க்கும் கூடப் போகும். திரும்பி வரும்போது மிரெல்தா அதில் டி.வி. தொடர்களை நிரப்பி அனுப்புவாள். இங்கே யாரும் யாருக்கும் டிஸ்க்கைக் காலியாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. அது ஒரு மரியாதை.

அந்த டிஸ்க் திடீரென்று படுத்துவிட்டது. விளக்கு எரியவில்லை. கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பனாமாவிலிருந்து அதை வாங்கி வந்தவள் பக்கத்து வீட்டு யாக்கெலின். அங்கே போய் ஜீன்ஸும் செருப்பும் சுமந்து வந்து விற்பதுதான் அவள் பிழைப்பு. வாரன்டி இன்னும் முடியவில்லை. ஸ்டிக்கர் கிழியாமல் பழையதைக் கொடுத்தால் பனாமா கடையில் புதிது தருவார்கள்.

"குடுடீ, நான்தான் போறேன்ல, மாத்திட்டு வரேன்" என்றாள் யாக்கெலின்.

நாளைக்குத் தருவதாகச் சொல்லி ஒடால்மிஸ் அவளை அனுப்பிவைத்தாள். டிஸ்க்கில் யாக்கெலினை நடித்துக் காட்டிய படங்களுக்கு அவள் பெயரிலேயே தனி ஃபோல்டர் இருந்தது. சுங்கத்தை ஏமாற்ற ஐந்து ஜீன்ஸை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் அவள் நடக்கும் நடை ஒன்று. புருஷன் விட்டுப் போனதும் ஒடால்மிஸின் சமையலறைக்கு ஓடிவந்து, மூக்கை உறிஞ்சி விக்கி விக்கி அவள் அழுத அழுகை இன்னொன்று. அந்த அழுகையை வேறு யாரும் பார்த்ததில்லை. ஒடால்மிஸ் நடித்துத்தான் நாங்கள் பார்த்தோம். நானும் சிரித்தவள்தான், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"சுத்தியால ரெண்டு போடு போட்டுரட்டுமா?" என்றான் எலியேசர்.

"போட்டா வாரன்டி போச்சு. இன்னொரு டிஸ்க்குக்கு எங்க போவே, உங்கப்பன் வீட்டுக்கா?"

"உள்ள இருக்கறத அவ பாத்துட்டா?"

"செத்ததுக்குள்ள என்னத்தய்யா பாக்கப் போறா?"

நன்றாக ஓடிய காலத்திலேயே கடவுச்சொல் போட்டுப் பூட்டியிருக்கலாம். அதெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது அழிக்கவும் வழியில்லை. புது டிஸ்க் ஆசை ஜெயித்தது, கொடுத்துவிட்டாள்.

யாக்கெலின் திரும்பி வந்தபோது நான் ஒடால்மிஸ் வீட்டில் அவளோடும் எலியேசரோடும் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். யாக்கெலின் புது டிஸ்க்கை மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அது சாகலைடீ. கேபிள் சொருகற இடம்தான் போயிருக்கு. கடைக்காரர் உள்ள இருந்தத எடுத்து வேற பெட்டியில போட்டார், எல்லாம் அப்படியே வந்துச்சு."

ஒடால்மிஸ் அவளுக்குக் கொண்டுவந்த காப்பியை மேஜையில் வைத்தாள்.

"பழசு கம்பெனிக்குப் போகுமாம். அங்க ரிப்பேர் பண்ணி வேற யாருக்காவது குடுப்பாங்களாம். உன் படத்த எவனோ உக்காந்து பாக்கறதா? விடுவேனா நான்! எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணிட்டு, பழசச் சுத்தமாத் துடைச்சாத்தான் ஆச்சுன்னு அங்கயே உக்காந்துட்டேன். ஏர்போர்ட்டுக்கு ஓடிப்போய்த்தான் பிளேனப் புடிச்சேன்."

"ரொம்ப நன்றி யாக்கி" என்றாள் ஒடால்மிஸ்.

"எல்லாம் சரியா வந்திருக்கான்னு ஒண்ணத் தொறந்து பாருங்கன்னார் கடைக்காரர். என் பேரு போட்டிருந்துச்சா, அதத் தொறந்தேன்."

எலியேசர் மெல்ல எழுந்து கொல்லைப்பக்கம் நழுவினான். எனக்கும் போய்விடலாம் போலிருந்தது. ஆனால் எழுந்தால் என் முகமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து, காலிக் கோப்பையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"யாக்கி, அது... மிரெல்தாவுக்காக, சும்மா விளையாட்டுக்கு..."

"அந்த ஜீன்ஸ் நடை நல்லாத்தான் இருந்துச்சு. நானே சிரிச்சுட்டேன். கடைக்காரரும் சிரிச்சார்." யாக்கெலின் சர்க்கரையைக் கலக்கினாள். "அழுகைக்கும் சிரிச்சார் பாவம். அது நான்தான்னு அவருக்குத் தெரியாதே."

ஒடால்மிஸ் அவள் கையைப் பிடிக்கப் போனாள். யாக்கெலின் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டு கேட்டாள்:

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு நான் அழுதப்ப என் முதுகத் தடவிக் குடுத்துட்டே இருந்தியே. அப்பவே மனப்பாடம் பண்ணிட்டிருந்தியா?"