ரெண்டு சேலைக்கு ஒரு மோட்டார்

"ரோட்டப் பாத்து நிக்கது எப்பமும் ஒன் வெள்ளச் சேலதான். எனக்கென்ன கண்ணு—"

"நானா பிடிச்சு நிறுத்துதேன், நிர்மலா? அதுவாத்தான்—"

"அதுவா நிக்குமாம். ஒன் வீட்டுக்காரர் மோட்டாருக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டார் போல, எப்சிபா."

இருவரும் கூட்டாகத் தொடங்கிய கல்யாணச் சேலைக் கடைக்கு அன்று திறப்பு. வாசல் கண்ணாடிப் பெட்டிக்குள் சுற்றும் பலகை. அதன்மேல் முதுகோடு முதுகாக இரண்டு பொம்மைகள்: ஒன்றுக்கு முகூர்த்தப் பட்டு, மற்றதற்குச் சர்ச் கல்யாண வெள்ளை. சங்கரன்கோவிலில் சாமியே பாதி சிவனும் பாதி பெருமாளுமாக நிற்கையில் பொம்மைகளுக்கு என்ன வந்தது? யோசனையில் பழுதில்லை. சுற்றவைக்கும் வேலையை எப்சிபாவின் கணவர் ஜெபசிங்கிடம் விட்டதுதான் பழுது. அவர் ஃபேன் ரெகுலேட்டரை நம்பி வளர்ந்தவர்; மோட்டாருக்கும் அதையே மாட்டியிருந்தார்.

ரெகுலேட்டரைக் கூட்டினால் முந்தானைகள் ராட்டினம் ஏறின. குறைத்தால் சின்ன மோட்டார் முனகி நின்றது. தரை உள்பக்கம் சரிவு; ஜரிகைக் கனத்தில் பட்டு பின்னால் போய்விட, வெள்ளை தெருவைப் பார்த்தது.

"வாசுதேவநல்லூர் பொண்ணு வீட்டுக்காரங்க பஸ் ஏறிட்டாங்க. இதப் பாத்தா சர்ச்சு வேதக்காரங்க கடைன்னு எதுத்த கடைக்குப் போயிருவாங்க. என் மொத யாவாரம் போச்சு," என்றாள் நிர்மலா.

"கரண்டக் குறைச்சா வலுவும்லா குறையுது," என்றார் ஜெபசிங்.

"இதக் கண்டுபிடிக்கத்தான் காலையில இருந்து முட்டி போட்டியளோ?" என்றாள் எப்சிபா.

அவர் ஒரு சின்ன போர்டை எடுத்து ஒயரை மாட்டினார். "இது குறைக்காது. முழுசாக் குடுக்கும், நிறுத்தும், திரும்ப முழுசாக் குடுக்கும். கண்ணு இமைக்கதுக்குள்ள பல தடவ. ஒவ்வொரு தள்ளும் முழுத் தள்ளு. நிறுத்துத நேரத்தக் கூட்டுனா மெதுவாச் சுத்தும்."

"நான் உங்ககிட்ட வேல வாங்குத மாதிரி," என்றாள் எப்சிபா.

பலகை ஒருமுறை குலுங்கியது. கொசுபோல் ரீங்கரித்தபடி மெதுவாகச் சுற்றியது. பட்டு வந்தது, போனது. வெள்ளை வந்தது, போனது. தோழிகள் இருவரும் சுவிட்சு எங்கே என்று ஒரே நேரத்தில் தேடினார்கள்.

"பெட்டிக்குள்ள வச்சு ஸ்குரூ போட்டாச்சு. ஒங்க ரெண்டு பேர் கையிலயும் அது இருக்கப்படாது," என்று சொல்லிவிட்டு, ஸ்குரூ டிரைவரோடு டீக்கடைக்குப் போனார் ஜெபசிங்.

வாசுதேவநல்லூர்க்காரர்கள் வந்தார்கள். நேரே கண்ணாடிக்குத்தான் வந்தார்கள். நிர்மலாவுக்கு உயிர் வந்தது. பெண்ணின் அம்மா பட்டைத் தொடர்ந்து கழுத்தைத் திருப்பினாள். அது மறைந்ததும் காத்திருந்தாள். வந்ததும் மறுபடி திருப்பினாள்.

"பார்டர் நல்லாத்தான் இருக்கு. ஏம்மா, இதச் செத்த நேரம் நிப்பாட்டுங்களேன், பாப்போம்."